புதன்கிழமை மாலைகளில் எங்களை உள்ளே விடுங்கள்: முதியோர் இல்ல நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம்.

கேட்டில் நீங்கள் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்தோம். தொண்டுக்கு வரும் மாணவர்கள் இனி மாதத்தில் ஒரு நாள் மட்டும், ஆசிரியரோடு, குழுவாக வரலாம். முன்கூடத்தைத் தாண்டக் கூடாது. கட்டிலருகே உட்காரக் கூடாது. அங்கே தங்கியிருப்பவர்களின் காகிதங்களைத் தொடக் கூடாது. ஏன் இந்தத் தடை என்று அறிவிப்பில் ஒரு வரியும் இல்லை. காரணம் உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். புதன்கிழமை மாலைகளில் முன்பு போலவே எங்களை உள்ளே விடுங்கள்.

நான் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கும் கல்லூரி மாணவி. சொந்த ஊர் கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்து வடகரப்பதிப் பக்கம். இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும் என்பது இந்தத் திட்டத்தின் விதி. அந்த மணிக்கணக்குக்காகத்தான் உங்கள் இல்லத்துக்கு வர ஆரம்பித்தோம். அதற்காக மட்டும் யாரும் தொடர்ந்து வரவில்லை என்பதை அங்கே வேலை பார்க்கும் அக்காக்களைக் கேட்டாலே சொல்வார்கள். நகம் வெட்டிவிடுவோம், எண்ணெய் வைத்துத் தலை சீவிவிடுவோம், திருப்பூரில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டுக் கொடுப்போம். ஆனால் அவர்கள் அதிகமாகக் கேட்டது வாசித்துக் காட்டச் சொல்லித்தான். தமிழ்ப் பத்திரிகையை எடுத்தால் யார் செத்தார்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள், அடுத்தது தேங்காய் விலை, அப்புறம் ஆழியாற்றில் தண்ணீர் விட்டார்களா இல்லையா. பத்திரிகை முடிந்ததும் தலையணைக்கு அடியிலிருந்து சொந்தக் காகிதங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஆஸ்பத்திரிச் சீட்டு, வங்கிக் கடிதம், எப்போதோ யாரோ கொடுத்துவிட்டுப் போன ரசீது. 'இதுல என்ன எழுதியிருக்கு அம்மிணி?'

அப்படி வெளியே வந்த ஒரு காகிதத்தால்தான் இந்த அறிவிப்பு.

பெண்கள் பகுதியில் ஜன்னலோரக் கட்டிலில் இருக்கும் அமுச்சியைப் பற்றிச் சொல்கிறேன். பாட்டி என்ற பொருளில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறோம். இரண்டு கண்ணிலும் புரை. இடது கண்ணில் வெளிச்சம் தெரிவதோடு சரி. பகலில் எப்படியோ சமாளித்துவிடுகிறார். தட்டில் சோறு எந்தப் பக்கம், குழம்பு எந்தப் பக்கம் என்று விரலால் தொட்டுப் பார்த்துச் சாப்பிடுகிறார். ராத்திரிதான் அவருக்குப் பயம். கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு படி இருக்கிறது. ஒருமுறை அதில் தடுமாறி விழுந்து முழங்கை வீங்கிப்போனது. அன்றிலிருந்து மாலைச் சாயாவுக்கு அப்புறம் அவர் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படுவதில்லை. தண்ணீர் குடித்தால் ராத்திரி எழுந்திருக்க வேண்டும், எழுந்தால் விழுவோம், விழுந்தால் படுத்த படுக்கைதான் என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

பாலக்காட்டு வெயில் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏப்ரல் மாதத்தில், மாலை நான்கு மணியிலிருந்து மறுநாள் விடியும்வரை, எழுபதைத் தாண்டிய ஒரு பெண் நாக்கு வறளப் படுத்துக் கிடக்கிறார். சிறுநீர் எரிச்சலும் காய்ச்சலும் அவருக்குத் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொரு முறையும் மாத்திரை கொடுக்கப்படுகிறது, காய்ச்சல் இறங்குகிறது, அவரோ மறுபடி தண்ணீர் குடிக்காமல் படுக்கிறார். கண்ணைச் சரிசெய்யாமல் இந்தக் காய்ச்சலுக்கு எத்தனை நாள் மாத்திரை கொடுப்பீர்கள்?

போகும்போதெல்லாம் அவர் கேட்டது ஒன்றுதான்: 'கண்ணாசுபத்திரி வண்டி எப்ப வருது அம்மிணி?' முகாமில் கண்ணைப் பார்த்தார்களாம், ஆபரேஷன் செய்தால் பார்வை வரும் என்றார்களாம், அப்புறம் இங்கே இல்லத்தில் கைரேகையும் வாங்கிக்கொண்டு ஒரு சீட்டு கொடுத்தார்களாம். அந்தச் சீட்டைக் காட்டினால் வண்டியில் ஏற்றிக்கொள்வார்கள் என்று நம்பி, பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தலையணைக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தார். ஒரு புதன்கிழமை அதை என்னிடம் எடுத்துக் கொடுத்தார். மலையாளத்தில் எழுதியிருந்தது. 'எனக்குக் கண் அறுவை சிகிச்சை செய்துகொள்ள விருப்பமில்லை. இது என் சொந்த முடிவு.' கீழே அவருடைய பெருவிரல் ரேகை.

உள்ளதை உள்ளபடி படித்துச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. 'நான் வேண்டாம்னு சொல்லவே இல்லியே சாமி' என்றார். சொன்னதையே மறுபடியும் சொன்னார். அந்தக் காகிதத்தோடு அலுவலக அறைக்கு வந்தேன். இதெல்லாம் உங்கள் வேலை இல்லை என்று பதில் கிடைத்தது. பின்னாலேயே அறிவிப்பும் வந்துவிட்டது.

யாரோ கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. முகாமில் தேர்வாகிறவரோடு துணைக்கு ஒருவர் போக வேண்டும், ஆஸ்பத்திரியில் கூடத் தங்க வேண்டும். உங்களிடம் இருக்கும் ஆட்களோ பகலுக்கே போதாது. இரவில் அத்தனை கட்டிலுக்கும் ஒரே ஒரு அக்காதான். அவரை அனுப்பிவிட்டு இல்லத்தை யார் பார்ப்பது? இதெல்லாம் நாங்கள் கண்ணால் பார்த்ததுதான், சரி. ஆனால் துணைக்கு அனுப்ப ஆளில்லை என்று எழுதியிருக்க வேண்டிய இடத்தில், அமுச்சிக்கு விருப்பமில்லை என்று ஏன் எழுதினீர்கள்? உங்கள் பற்றாக்குறையை அவருடைய முடிவாக மாற்றி, அதற்கு அவர் கையாலேயே ரேகையும் வாங்கியிருக்கிறீர்கள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் துணைக்கு நாங்கள் போயிருப்போமே.

அது அப்படியொன்றும் பெரிய சிகிச்சையும் இல்லை. நம் நாட்டில் பார்வை போவதற்கு முதல் காரணமே கண்புரைதான். அதற்காகவே பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தை மத்திய அரசு 1976 முதல் நடத்திவருகிறது. ஏழைகளுக்கு இலவசமாகவே செய்கிறார்கள். மரத்துப்போக மருந்து விட்டு, புரையை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைப்பது பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அந்த அரை மணி நேரத்துக்காக ஒருவர் மாதக்கணக்கில் தாகத்தை அடக்கிக்கொண்டு காத்திருக்கிறார்.

அலுவலக அறையில் எனக்குச் சொல்லப்பட்ட இன்னொரு பதில், 'அவருக்கு மலையாளம் தெரியுமே' என்பது. தெரியும். இந்தச் சித்தூர் வட்டத்தில் யாருக்குத்தான் தெரியாது? சந்தையில் விலை பேசுவார், பஸ்ஸில் சண்டை போடுவார், சிஸ்டரிடம் நலம் விசாரிப்பார். ஆனால் அவருக்கு எந்த எழுத்தும் தெரியாது. அவர் சின்னக் குழந்தையாக இருந்தபோது சித்தூர் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது, பக்கத்துப் பாலக்காடு மதராஸ் மாநிலத்து மலபாரில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று எல்லாம் கேரளமானது. ஆட்சி எது மாறினாலும் அவர் கடலைக்காய் பறிக்கத்தான் போனார், பள்ளிக்கூடம் போகவில்லை. காது பழகிய மலையாளம் வேறு, அலுவலகக் காகிதத்தில் எழுதியிருக்கும் மலையாளம் வேறு. அதுவும் வயது ஏறி நினைவு மங்கினால், பிற்பாடு பழகிய மொழிதான் பலருக்கும் முதலில் நழுவுகிறது. ஆண்கள் பகுதியில் இருக்கும் தாத்தா ஒருவர் மலையாளத்திலேயே கடை நடத்தியவர். இப்போது மருத்துவர் வந்து கேட்டால் முழிக்கிறார். தமிழில் கேட்டால் எங்கே வலிக்கிறது என்று கை வைத்துக் காட்டுகிறார்.

குறை தீர்க்கச் சொல்லி அரசுக்கு யாரும் மாநிலத்திலோ ஒன்றியத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் மனு எழுதலாம் என்கிறது அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு. குறையைத் தன் மொழியில் சொல்ல உரிமை உள்ள ஒருவருக்கு, கைரேகை வைக்கும் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று தன் மொழியில் கேட்டுத் தெரிந்துகொள்ள உரிமை கிடையாதா? மூத்த குடிமக்களுக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தை நீங்கள் எங்களைவிட நன்றாக அறிவீர்கள். அதன் 19ஆம் பிரிவு இல்லங்களைப் பற்றிப் பேசும்போது, தங்க இடம் என்பதோடு நிறுத்தவில்லை. மருத்துவ வசதியையும் பொழுதுபோக்கையும் சேர்த்தே சொல்கிறது.

வெளியாட்கள் உள்ளே வந்தால் ஒழுங்கு கெடும் என்று நேரில் சொல்கிறீர்கள். இந்த மாநிலத்திலா இப்படிச் சொல்வது? 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்புச் சிகிச்சை இயக்கம் ஊர் ஊராகப் பரவியதே வெளியாட்களால்தான். கடைக்காரர்கள், இல்லத்தரசிகள், மாணவர்கள் என்று பக்கத்து வீட்டு மனிதர்கள் வந்து கட்டிலருகே உட்கார்ந்ததால்தான். 2008இல் அரசு அதற்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது. கட்டிலருகே உட்காருவது நோயாளிக்கு நல்லது என்று நாட்டுக்கே எடுத்துக்காட்டிய மாநிலத்தில், எங்களை முன்கூடத்தோடு நிற்கச் சொல்கிறீர்கள்.

கோபம் உங்கள்மேல் மட்டுமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2011 கணக்கெடுப்பிலேயே கேரளத்தில் 12.6 விழுக்காட்டினர் அறுபது வயதைக் கடந்தவர்கள். நாட்டிலேயே அதிகம் இங்கேதான். இந்த எண்ணிக்கை தெரியாதவர் யாரும் இல்லை, ஆனால் அக்டோபர் 1 முதியோர் தினத்திலும் ஓணத்துக்கும் மட்டும்தான் உங்கள் வாசலில் கார்கள் நிற்கின்றன. அன்றைக்கு மூன்று பேர் மூன்று விதமாகப் பாயசம் கொண்டுவருவார்கள், சர்க்கரை நோய் உள்ளவருக்கும் சேர்த்துக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். மறுநாள் ஒருவரும் இல்லை. பொள்ளாச்சியிலும் கோவையிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள், வாரக்கடைசியில் வந்துபோகும் தூரத்தில் இருப்பவர்கள், வருஷத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிறார்கள். அவர்களை நான் எங்கே போய்க் கேட்பேன்? என் ஊர்க்காரர்களும் அதில் இருக்கிறார்கள், எனக்கு வெட்கமாக இருக்கிறது. இப்படி எல்லோரும் கைவிட்டவர்களுக்கு மாலையில் இரண்டு மணி நேரம் பேச்சுத்துணை கிடைத்தது. அதையும் நிறுத்திவிட்டீர்கள்.

மன்னியுங்கள், பேச்சு எங்கேயோ போய்விட்டது. கேட்க வந்ததைப் பணிவோடு கேட்கிறேன்.

புதன்கிழமை மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை எங்களை அனுமதியுங்கள். உங்களுக்கு என்ன கட்டுப்பாடு வேண்டுமோ வையுங்கள், நியாயமானதை நாங்கள் மறுக்க மாட்டோம். போனை அலுவலகத்திலேயே கொடுத்துவிட்டு வருகிறோம். ஒரு கட்டிலருகே இருவராகத்தான் உட்காருவோம். பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறோம். காகிதம் எதையும் வெளியே கொண்டுபோகவோ படம் எடுக்கவோ மாட்டோம். வாசிக்கும்போது உங்கள் ஊழியர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும், எங்களுக்கு மறைக்க ஒன்றுமில்லை. எங்கள் திட்ட அலுவலரின் கையொப்பத்தோடு வருபவர்களின் பெயர்ப் பட்டியலையும் தருகிறோம். நாங்கள் வராத நாளில் கைரேகை வாங்க நேர்ந்தால், தமிழ் பேசும் ஊழியர் ஒருவர் அந்தக் காகிதத்தைப் படித்துக் காட்டி, புரிந்ததா என்று கேட்ட பிறகே வாங்குங்கள்.

அமுச்சியின் விஷயத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அந்தக் காகிதத்தை ரத்து செய்துவிட்டு, அவரிடம் தமிழில் கேட்டு, அடுத்த கண் முகாமில் அவர் பெயரைச் சேருங்கள். துணைக்குப் போகவும், ஆபரேஷன் முடிந்த பிறகு நேரத்துக்குச் சொட்டு மருந்து விடவும் எங்களில் இரண்டு பெண்கள் தயாராக இருக்கிறோம். வீட்டிலும் அனுமதி வாங்கிவிட்டோம். அதுவரை அந்தப் படியருகே ராத்திரி முழுக்க ஒரு விளக்கு எரியட்டும், பிடித்து நடக்கச் சுவரில் ஒரு கம்பி வையுங்கள். செலவு பெரிதில்லை. தேவையென்றால் நாங்களே திரட்டித் தருகிறோம்.

முகாம் வருவதற்குள் முடிவு தெரிந்தால் நல்லது. முடியும் என்றாலும் முடியாது என்றாலும் பதிலை எழுத்தில் கொடுங்கள். மலையாளத்தில் எழுதினால் போதும். நாங்கள் படித்துக்கொள்வோம், அமுச்சிக்கும் படித்துச் சொல்வோம்.

பணிவுடன்,
நாட்டு நலப்பணித் திட்ட மாணவி ஒருத்தி,
சித்தூர் வட்டம், பாலக்காடு மாவட்டம்.