செயலாளர் அறிக்கை 2024/2025: இந்த வருசம் முழுக்கப் பலாலிக் கதைதான்

தலைவர் ஐயா, பொருளாளர் அக்கா, வந்திருக்கிற அங்கத்தவர் எல்லாருக்கும், வெளிநாட்டில இருந்து வாசிக்கப் போற எங்கட ஊர்ப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

போன வருசம் நான் அறிக்கை வாசிச்சு முடிக்க ரீ ஆறிப் போச்சு எண்டு கனபேர் குறை சொன்னவை, அதால வழக்கமான விசயங்களை முதல்லயே சொல்லிப் போடுறன். நிர்வாகக் கூட்டம் மாதாமாதம் நடந்தது, நல்லூர்த் திருவிழாவோட ஆவணியில மட்டும் தவறிப் போச்சு. வாசிகசாலைக் கூரை திருத்தியாச்சு, இப்ப ஒழுகேல்ல. முன்பள்ளிக்குப் பாய் வாங்கிக் குடுத்தது. கணக்கைப் பொருளாளர் அக்கா வாசிப்பா.

மிச்சம் எல்லாம் பலாலி எயார்போட்தான், எங்கட யாழ்ப்பாணத்துச் சர்வதேச விமான நிலையம்.

நாங்கள் தேடிப் போன வேலை இல்ல இது. பலாலிக்குப் போற பக்கம் எங்கட ஊர் இருக்கிறதால எங்களுக்கு எல்லாம் தெரியும் எண்டு சனம் நினைக்குது. 2025 பங்குனி 30ஆம் திகதி இண்டிகோ எண்ட இந்தியப் பிளேன் கொம்பனி திருச்சிக்கு ஓடத் தொடங்கினாப் பிறகு வாசிகசாலைக்கு பேப்பர் பாக்க வாற ஆக்களை விட பிளேன் விசாரிக்க வாற ஆக்கள்தான் கூட. ஒரு கொப்பி போட்டு வாற கேள்வியளை எழுதி வைச்சம், அந்தக் கொப்பியைப் பாத்துத்தான் இந்த அறிக்கையே எழுதுறன்.

முதல் கேள்வி எப்பவும் ஒண்டுதான், "தம்பி, இதை நிப்பாட்டிப் போடுவினமோ?" கேக்கிறதில பிழை இல்ல. 2019 ஐப்பசி 17இல ஜனாதிபதியும் பிரதமரும் வந்து திறந்து வைச்சினம், கார்த்திகை 11இல இருந்து அலையன்ஸ் எயார் எண்ட இன்னொரு இந்தியக் கொம்பனி சென்னைக்கு ஓடினது, அடுத்த பங்குனியில கொரோனா வர நிண்டு போச்சு, திருப்பி ஓட 2022 மார்கழி 12 ஆச்சு. முதல் முறை ஓடினது நாலு மாதம், பூட்டிக் கிடந்தது ரெண்டரை வருசத்துக்கு மேல. அப்பிடி இருக்க ஆர் தை மாதக் கலியாணத்துக்கு ஆடியில ரிக்கற் போடுவினம்? 2024 புரட்டாதியில இண்டிகோவும் சென்னைக்கு வந்தாப் பிறகுதான் ஆக்களுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது, ஒண்டு நிண்டாலும் மற்றது இருக்கும் எண்டு.

எங்கட மூத்த அங்கத்தவர் ஒருத்தர், வயசு 86, இதைப் புது எயார்போட் எண்டு சொன்னால் கோவிப்பார். 1947 மார்கழியில எயார் சிலோன்ர முதல் ஓட்டமே ரத்மலானையில இருந்து வெளிக்கிட்டு காங்கேசன்துறைக்கு வந்துதான் மெட்ராசுக்குப் போனது, அந்தக் காங்கேசன்துறை எண்டது இந்தப் பலாலிதான். தமக்கைக்குக் கூறைச்சீலை எடுக்க இங்கயிருந்து திருச்சிக்குப் பறந்து போன கதையை அவர் சொல்லத் தொடங்கினால் கூட்டம் முடியாது, அதால இதோட விடுறன்.

ரெண்டாவது கேள்வி காத்தாடி மாதிரிச் செட்டை சுத்துற பிளேனுக்குப் பயமில்லையோ எண்டது. வாறது ஏடிஆர் 72 எண்ட சின்னப் பிளேன், எழுபது சொச்சம் பேர் ஏறலாம், நீளம் குறைஞ்ச ஓடுபாதைக்கு அதுதான் சரி. ஆனால் வயசான ஆக்களின்ர பயம் செட்டையில இல்ல எண்டு எனக்குப் பிறகுதான் விளங்கினது. 1998 புரட்டாதியில பலாலியில இருந்து ரத்மலானைக்கு வெளிக்கிட்ட பிளேன் மன்னார்ப் பக்கக் கடலில விழுந்து 55 பேர் போச்சினம். அதை மறக்காத ஆக்களுக்கு ஏடிஆரைப் பற்றிப் பாடம் எடுக்கிறதில பிரயோசனம் இல்ல, பக்கத்தில இருந்து கதைச்சா காணும்.

கொப்பியில கூடப் பக்கம் எடுத்தது விசா. இதைக் கவனமாக் கேளுங்கோ. கனடா, லண்டன், சுவிசில இருந்து சென்னை வழியா வாற ஆக்கள் முழுப் பயணத்தையும் ஒரே ரிக்கற்றாப் போட்டு, பெட்டி பலாலி வரைக்கும் வரும் எண்டு முதல்லயே உறுதிப்படுத்திப் போட்டு வந்தா நல்லது. மலிவு பாத்து ரெண்டு தனி ரிக்கற் போட்டால் சென்னையில குடிவரவு தாண்டி வெளிய வந்து, பெட்டியை எடுத்து, திருப்பி உள்ள குடுக்கோணும், அதுக்கு இந்திய விசா வேணும். எங்கட அங்கத்தவர் ஒருத்தரின்ர மருமகன் இதையும் யோசிச்சு 30 நாள் இ-விசா எடுத்துக்கொண்டுதான் வந்தவர். ரெண்டு தரம் உள்ள போகலாம் எண்டது சரி, ஆனால் அந்த 30 நாள் முதல் தரம் இறங்கின அண்டைக்கே எண்ணத் தொடங்கீடும். அவர் மாமி வீட்டில அஞ்சு கிழமை நிண்டு நல்லாச் சாப்பிட்டுப் போட்டு வெளிக்கிடேக்கதான் கண்டவர் விசா முடிஞ்சு போச்செண்டு. அண்டிரவே இருந்து புதுசா ஒண்டு போட்டது. அதோட, விசாவுக்கெண்டு கள்ளத் தளங்களும் கன இருக்கு, ரெண்டு மூண்டு மடங்கு காசு பிடுங்கும், கவ் டொட் இன் (gov.in) எண்டு முடியிற அரசாங்கத் தளத்தில மட்டும் போடுங்கோ.

பேர் விசயத்தில மாட்டுப்பட்டது நானேதான். பாஸ்போட்டில அப்பான்ர பேர் முழுசா இருக்க, ரிக்கற்றில வழக்கம்போல இனிசலை மட்டும் போட்டு விட்டன். செயலாளரே பிழை விட்டால் மற்றவையை என்ன சொல்லுறது, ஒரு பின்னேரம் முழுக்க போனில நிண்டு திருத்தினன். ஒரு நல்ல விசயம், 2025 புரட்டாதி 1இல இருந்து பாஸ்போட் அலுவலகம் யாழ்ப்பாணக் கச்சேரியிலயே, அதுதான் மாவட்டச் செயலகத்திலயே, திறந்தாச்சு, இனி வவுனியாவுக்கும் பத்தரமுல்லைக்கும் இரவிரவாப் போய் வரிசையில நிக்கத் தேவையில்ல.

கொப்பியில எழுதாத கேள்வி ஒண்டும் இருக்கு. சண்டைக்காலத்தில வள்ளத்தில ராமேஸ்வரத்துக்குப் போய் முகாமில இருக்கிற எங்கட ஊர்ச் சனம் "நாங்கள் வரலாமோ" எண்டு போனில கேக்கினம். அப்பிடித் திரும்பி வந்த ஒரு முதியவரை 2025 வைகாசி கடைசியில, பாஸ்போட் இல்லாமல் நாட்டை விட்டுப் போனவர் எண்டு பலாலியில வைச்சுப் பிடிச்சது எல்லாருக்கும் தெரியும். குண்டு விழேக்க ஆர் பாஸ்போட் எடுத்தது? வக்கீல் ஒருத்தரோட கதைக்காமல் வெளிக்கிட வேண்டாம் எண்டு மட்டும் சொன்னம், அதுக்கு மேல சொல்ல எங்களுக்குத் துணிவு வரேல்ல.

பாதை விசயம். 2025 சித்திரையில வசாவிளான் சந்தியில இருந்து பலாலிக்குப் போற றோட்டைத் திறந்து விட்டது பெரிய ஆறுதல், முதல்ல காலமை 6 தொடக்கம் பின்னேரம் 5 வரைக்கும் எண்ட கட்டுப்பாட்டோடதான் எண்டாலும். 1990இல சண்டையில எழும்பி ஓடின சனம் 35 வருசத்துக்குப் பிறகு அந்த றோட்டால போச்சுது. எங்கட அங்கத்தவர் மூண்டு பேரின்ர காணி இன்னும் ஆமி வேலிக்கு அங்கால, பிளேன் இறங்கிறதைப் பாத்தால் அவைக்கு எங்கட கிணத்தடியும் அதுக்குக் கிட்டத்தான் எண்ட நினைப்புத்தான் வரும். பிளேன் நேரத்துக்கு ஏத்தமாதிரி பஸ் விடச் சொல்லி சம்பந்தப்பட்ட ஒரு அலுவலகத்துக்கு ரெண்டு கடிதம் போட்டம், மறுமொழி இல்ல. இப்போதைக்கு ஓட்டோதான், இல்லாட்டி சொந்தக்காரர்.

ஆனியில பத்துப் பேர் திருச்சிக்கு யாத்திரை போய் வந்தம். சமயபுரம், ஸ்ரீரங்கம், வேளாங்கண்ணி எல்லாம் கும்பிட்டம். கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கா எயார்போட்டுக்கு இரவு பஸ்ஸில எட்டு மணித்தியாலம் முறிஞ்ச ஆக்களுக்கு இது பெல்ட்டைப் போட்டுக் கண்ணை மூடித் திறக்கிற பயணம். கரைச்சல் எல்லாம் கிலோவிலதான். போகேக்க பனங்கட்டியும் ஒடியலும் மிளகாய்த்தூளும், வரேக்க சீலையும் பித்தளைக் குத்துவிளக்கும். தூளைக் கையில கொண்டு போற பைக்குள்ள வைக்க வேண்டாம் எண்டு முன்கூட்டிச் சொல்லியும் ஒரு அக்கா வைச்சுப் போட்டா, செக்கிங்கில எடுத்து வைச்சிட்டினம். திரும்பி வரேக்க குத்துவிளக்கின்ர அடிப்பாகம் ஒராளின்ர பெட்டியில, தண்டு இன்னொராளின்ர பெட்டியில, தலை என்ர மடியில. சாமான் கூடக் கொண்டு போற ஆக்கள் காங்கேசன்துறையில நாகபட்டினம் கப்பலைப் பாக்கிறதும் அதாலதான், அது கடல் கொந்தளிச்சால் ஓடாது எண்ட ஒரு குறைதான்.

அந்த யாத்திரைக்காக சங்கக் காசில பெட்டி தூக்கி நிறுக்கிற டிஜிட்டல் தராசு ஒண்டு வாங்கினம். அதுக்குப் பிறகு ஊரில ஆர் வெளிநாடு போனாலும் அது வீடு வீடாச் சுத்தித் திரியுது, கொண்டு போற ஆக்கள் கொப்பியில பேர் எழுதினவை. கடைசியாக் கொண்டு போனவர் எழுதேல்ல. ஆர் எண்டு எனக்குத் தெரியும், இதில பேர் போடேல்ல, வாற வெள்ளிக்கிழமை தலைவர் வீட்டில இருந்து ரெண்டு பேர் சென்னைக்குப் போயினம், அதுக்கு முதல் வாசிகசாலைச் சாவி இருக்கிற பக்கத்து வீட்டில குடுத்து விடுங்கோ.

இப்படிக்கு,
செயலாளர்