விக்ராந்த் நினைவுகள்: ஆளுக்கு ஒண்ணாவது அனுப்புங்க

ஷிப்மேட்ஸ் எல்லாருக்கும் வணக்கம்.

நம்ம பழைய விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் 1961 மார்ச் 4-ல் கடற்படையில் சேர்ந்து, 1997 ஜனவரி 31-ல் ஓய்வு பெற்றது. பிறகு மும்பையில் அருங்காட்சியகமா இருந்த கப்பலையும் உடைச்சுட்டாங்க. இனி அதில் வாழ்ந்த வாழ்க்கையைச் சொல்ல நாமதான் இருக்கோம்.

1971 இந்தியா-பாகிஸ்தான் போரின்போது கப்பலின் ஒரு பாய்லரில் விரிசல், வேகமும் குறைவு. அப்படியும் டிசம்பர் 4 அன்று சீ ஹாக் விமானங்கள் கப்பலிலிருந்து கிளம்பி, அப்போ கிழக்கு பாகிஸ்தானா இருந்த இன்றைய வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரைத் தாக்கின. விமானத்தை ஏவும் கேட்டபல்ட்டுக்கு வேண்டிய நீராவி பாய்லர் ரூமிலிருந்துதான் போகணும். அந்த வெக்கையில் வியர்வை சொட்டச் சொட்ட வாட்ச் (முறைக் காவல் பணி) நின்ற அண்ணன்மார் பேசினால் அது பொக்கிஷம். 1971-ல் கப்பலில் இருந்தவங்க முதலில் அனுப்புங்க, தயவுசெய்து தள்ளிப்போடாதீங்க.

மெஸ் டெக்கில் (நாம சாப்பிட்டுத் தங்கின தளம்) அடிச்ச அரட்டை, நள்ளிரவு வாட்ச், வீட்டுக் கடிதம் வந்த நாள், எதுவானாலும் சரி. டைப் பண்ண முடியாதவங்க வாய்ஸ் மெசேஜ் போடுங்க, நான் எழுதிக்கிறேன். போட்டோ என்றால் வருஷமும், எந்தப் பிரிவு என்பதும் சேர்த்து எழுதுங்க. மறைந்த தோழர்களின் குடும்பத்தார் தொடர்பில் இருந்தால் அவங்களையும் கேளுங்க.

இந்த வாரம் மட்டும் மற்ற ஃபார்வர்டுகள் வேண்டாம்.