கேரன் மோக் பத்தி எழுதுற நிருபர்களுக்கு ஒரு திறந்த மடல்

பொழுதுபோக்குப் பக்கத்துக்கு எழுதுற நிருபர் நண்பர்களே,

ஹாங்காங் பாடகி, நடிகை கேரன் மோக் பத்தி யார் எழுதினாலும் மொத பாராவுலயே காண்டனீஸ், மாண்டரின், இங்கிலீஷ், இத்தாலியன்னு ஒரு லிஸ்ட் வந்துடுது, கூடவே ஒரு "அடேங்கப்பா", அப்புறம் டிரெஸ், வயசு, கல்யாணம்னு மேட்டர் வேற எங்கயோ போயிடுது. ரொம்ப நாளா எனக்கு இதுல எரிச்சல். அந்த மொழி ஒவ்வொன்னும் அவங்க கெரியர்ல என்ன வேலை பாத்துச்சுனு எழுதினா என்ன கொறைஞ்சா போயிடும்?

1970ல ஹாங்காங்ல பொறந்தவங்க. 1993ல ஹாங்காங்காரங்க பேசுற காண்டனீஸ்ல மொத ஆல்பம் போட்டாங்க, ஓடல. அவங்கள ஊருக்குக் காட்டினது சினிமா, 1995ல வாங் கார்-வாய் எடுத்த ஃபாலன் ஏஞ்சல்ஸ்ல முடிக்கு மஞ்சக் கலர் அடிச்சுக்கிட்டு வருவாங்களே, அதுக்கு ஹாங்காங் ஃபிலிம் அவார்ட்ஸ்ல சிறந்த துணை நடிகை விருது கெடைச்சுது. (ஷாவ்லின் சாக்கர் படத்துல மீசை ஒட்டிக்கிட்டு ஆடுற ரெண்டு பேர்ல ஒருத்தரும் இவங்கதான், பாத்துட்டு தெரியாமயே இருக்குறவங்க நெறைய பேர்.) பாட்டு அவங்களுக்கு நெசமா கைகொடுத்தது 1997ல சீனாவோட பொது மொழியான மாண்டரின்ல ஆல்பம் வந்தப்புறம்தான், அங்கேர்ந்து தைவான், சீனா முழுக்க கதவு தெறந்துச்சு, 2003ல தைவானோட கோல்டன் மெலடில மாண்டரின் சிறந்த பாடகி விருதும் வாங்கிட்டாங்க.

இத சும்மா மார்க்கெட் மாத்தினாங்கனு ஒரு வரில எழுதிட்டு போயிடாதீங்க. இந்த மொழிகள்ல ஒரே சத்தத்த எந்த ஏத்த எறக்கத்துல சொல்றோம்ங்குறத வெச்சு அர்த்தமே மாறும், அந்த ஏத்த எறக்கந்தான் தொனி. காண்டனீஸ்ல ஆறு தொனி, மாண்டரின்ல நாலு. காண்டனீஸ் பாட்டுல மெட்டு ஏறுற எடத்துல தொனி எறங்குற வார்த்தைய வெச்சா கேக்குறவங்களுக்கு அது வேற வார்த்தையா விழுந்துடும், அதனால பாட்டு எழுதுறவங்க மெட்டுக்குள்ள தொனிய கட்டிப்போட்டுதான் எழுதுவாங்க. மாண்டரின் பாட்டுல அந்தப் பிடி கொஞ்சம் தளர்வு, வார்த்தைய இழுக்கலாம், பேசுற மாதிரி விடலாம். மோக்கோட அந்த அலட்சியமான, பாதி பேசிப் பாதி பாடுற ஸ்டைல் மாண்டரின்ல ஏன் அவ்ளோ அழகா உக்காந்துச்சுனு யோசிக்க இது ஒன்னு போதும்னு எனக்குத் தோணுது. வேற யாராச்சும் வேற காரணம் சொன்னா கேட்டுக்குறேன், ஆனா சொல்லணும்ல.

அப்புறம் மேடை. 2005 கடைசில ரென்ட்ங்குற அமெரிக்க மியூசிக்கல் (பாட்டும் ஆட்டமுமா போற மேடை நாடகம்) பெய்ஜிங்குக்கு வந்தப்போ அதுல மிமிங்குற பாத்திரம் இவங்கதான், ஆசிய டூர்லயும் நடிச்சாங்க, பாட்டெல்லாம் இங்கிலீஷ்லயே. மிமி நியூயார்க்ல கிளப்ல ஆடுற பொண்ணு, போதைப் பழக்கம், உடம்புல எச்ஐவி வேற. ஆடிக்கிட்டே கத்திப் பாடணும், அடுத்த சீன்ல குரல் உடைஞ்சு சாகக் கெடக்கணும், நாளைக்கு சாயங்காலம் திரும்ப மொதல்லேர்ந்து. ஸ்டூடியோ மாதிரி ஒன் மோர் கேக்க முடியாது. அதுக்குள்ள அவங்க பெரிய ஸ்டார், டிக்கெட் வித்துத் தீர்ற ஆளு, இவ்ளோ ரிஸ்க் எடுக்க அவசியமே இல்ல. இதத்தான் நீங்க "மியூசிக்கலிலும் நடித்துள்ளார்"னு ஒரே வரில முடிச்சீங்க!

இன்னொன்னு சொல்றேன், இதுக்கு மேல ஒரு ஹெட்லைன் என்ன வேணும். ரென்ட்டோட கதையே 1896ல டூரின்ல அரங்கேறுன இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியோட லா போயெம்ங்குற ஓப்பராவுலேர்ந்து (வசனத்தையும் பாட்டாவே பாடுற இசை நாடகம்) எடுத்ததுதான், மிமிங்குற பேரும் அங்கேர்ந்து வந்ததுதான். மோக் ஸ்கூல் முடிக்கிற வயசுல இத்தாலில டிரியஸ்டே பக்கம் படிச்சு, அப்புறம் லண்டன் யுனிவர்சிட்டில இத்தாலிய இலக்கியம் படிச்சவங்க. அந்தக் கதையோட மூலத்த அது எழுதுன பாஷையிலயே படிக்கத் தெரிஞ்ச பாப் ஸ்டார் எத்தன பேர் இருப்பாங்க?

அடுத்த பேட்டி கெடைச்சா தயவுசெஞ்சு எத்தன மொழி தெரியும்னு கேக்காதீங்க, பதில் உங்க பழைய பேப்பர்லயே கெடக்கு. மிமிய பாடுறப்போ புச்சினி காதுல ஓடுச்சானு கேளுங்க, காண்டனீஸ்ல வாய் பழகுன ஆளுக்கு இங்கிலீஷ் ராக் பாட்டுல மூச்சு எங்க எடுக்கணும்னு யார் சொல்லிக்குடுத்தாங்கனு கேளுங்க. வந்த பதில வெட்டாம போடுங்க, முழு பக்கம் ஆனாலும் பரவால்ல.

இப்படிக்கு,
உங்க பக்கத்த விடாம படிக்கிற ஒரு ரசிகை