கடற்குதிரைத் தொட்டியில் முளைத்த கொடுமை

டொராண்டோ

அன்புள்ள முரளி,

இங்கே எல்லாரும் நலம். அங்கே மண்டபத்தில் அத்தைக்கு மூட்டு வலி தேவலையா? செல்வம் படகை விற்றுவிட்டானா, இன்னும் பேரம்தானா? இத்தனை நாள் எழுதாததற்கு அப்புறம் திட்டு, முதலில் இதைப் படி.

தொட்டியில் ஐப்டேசியா வந்துவிட்டது. கல்லில் ஒட்டி வந்த கண்ணாடி மாதிரியான கடற்சாமந்தி, பூப்போல இருந்தாலும் கொட்டுகிற பிராணி, இப்போது பாறை முழுக்கப் பரவிவிட்டது. வேறு மீன் என்றால் கொட்டியதும் விலகிப் போகும். கடற்குதிரை வாலைச் சுற்றிக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கிற பிராணியாயிற்றே! ஆண் குதிரையின் வால் நுனியில் வெள்ளையாகப் புண். அதுவும் பை நிறையக் குஞ்சுகளோடு இருக்கிற நேரத்தில். புண்ணில் விப்ரியோ என்கிற கிருமி ஏறினால் வால் அழுகும் என்பது உனக்குத் தெரியாததா? கிருமி வேகமாகப் பெருகாமல் இருக்கத் தண்ணீரை 23 டிகிரியில் வைத்திருக்கிறேன்.

"சுரண்டி எறி" என்பாய். எதையும் அரிவாளால் தீர்க்கிற ஆள் நீ. சுரண்டவே கூடாதடா. அடிப்பாதத்தில் ஒரு துணுக்கு மீந்தாலும் அது தனிச் சாமந்தியாக வளர்ந்துவிடும். எட்டுகிற இடத்தில் இருப்பவற்றுக்கு மோட்டாரை நிறுத்திவிட்டு, சுண்ணாம்பைக் கெட்டியாகக் குழைத்து ஊசியால் வாயில் விடுகிறேன். குதிரைகளை முன்பே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுவேன். மிதக்கிற எதையும் இரை என்று உறிஞ்சிப் பார்க்கும் அவை.

பொந்துக்குள் இருப்பவற்றுக்கு ஊசி போகாது. பெப்பர்மிண்ட் இறால் தின்னும், ஆனால் எல்லா இறாலும் தின்னாது. பெர்கியா என்கிற ஓடில்லாக் கடல் நத்தைக்கு ஐப்டேசியாதான் ஒரே உணவு, ராத்திரியில் வெளியே வந்து மேயும். இரண்டையும் சேர்த்து விட்டால் இறால் நத்தையையே தின்றுவிடும். அதனால் நத்தை மட்டும் சொல்லியிருக்கிறேன். சாமந்தி தீர்ந்தால் அவை பட்டினியில் சாகும், அதற்குள் வேறு யாருக்காவது கொடுத்துவிட வேண்டும்.

மூல காரணம் தீனிதான். கடற்குதிரை இரைப்பையே இல்லாத பிராணி, அடிக்கடி போட வேண்டியிருக்கிறது. நீரோட்டமும் மெதுவாகத்தான் வைக்க வேண்டும். மீந்த மைசிஸ் என்கிற இறால் மாதிரியான தீனி எல்லாம் சாமந்திக்கு விருந்து. இப்போது கிண்ணத்தில் ஊட்டிவிட்டு, மிச்சத்தை உடனே குழாயால் எடுத்துவிடுகிறேன்.

நீயும் தொட்டி வைக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். என்னுடையவை பண்ணையில் பிறந்தவை. அங்கே இந்தியாவில் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் புலியோடு இருக்கிறது கடற்குதிரை. வலையில் உயிரோடு வந்தால் கடலிலேயே விட்டுவிடச் செல்வத்திடம் சொல்.

ஒன்று மட்டும் உடனே எழுது. அந்த ஆணை இன்றே தனித் தொட்டிக்கு மாற்றி மருந்து போடவா, குஞ்சு போடும்வரை பொறுக்கவா? பிடித்து மாற்றினால் பயந்து குஞ்சுகளை முன்கூட்டியே கொட்டிவிடுமோ என்றிருக்கிறது.

அன்புடன்,
ரவி