எக்ஸ்பி எஞ்சினையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த நீராவி ரயில் கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் வெள்ளைக்காரன் காலத்து எஞ்சின்களில் குறையே காண முடியாது என்ற ரீதியில் கட்டுரையாளர் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. எக்ஸ்பி எஞ்சினின் வரலாறு அவருக்குத் தெரிந்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

1920களில் அகலப்பாதைப் பயணிகள் ரயில்களுக்காக ரயில்வே போர்டு மூன்று வகை எஞ்சின்களைக் கொண்டுவந்தது. கிளைப்பாதைகளுக்கு எடை குறைந்த எக்ஸ்ஏ, முக்கியப் பாதைகளுக்கு எக்ஸ்பி, கனமான ரயில்களுக்கு எக்ஸ்சி. மூன்றுமே 'பசிபிக்' ரகம்: முன்னால் நான்கு சிறிய சக்கரங்கள், நடுவில் ஆறு பெரியவை, பின்னால் இரண்டு. அந்தப் பின்சக்கரங்களுக்குக் காரணம் உண்டு. நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம். மட்டமான கரியை எரித்துப் போதுமான நீராவி எடுக்க வேண்டுமென்றால் அடுப்பு அகலமாக இருக்க வேண்டும். அகலமான அடுப்பின் பாரத்தைத் தாங்கப் பின்னால் சக்கரம் வேண்டும். இதுவரை சரிதான், யோசனையில் தப்பு சொல்ல முடியாது.

தப்பு அவசரத்தில் நடந்தது. நான்கைந்தை வரவழைத்து நம் தண்டவாளத்தில் நன்றாக ஓட்டிப் பார்த்துவிட்டு மிச்சத்தை வாங்கியிருக்கலாம். அதைச் செய்யாமல் 284 எஞ்சின்களை வாங்கிக் குவித்தார்கள். எக்ஸ்பி மட்டும் 99. பெரும்பாலும் இங்கிலாந்துத் தொழிற்சாலைகளுக்குத்தான் அந்த ஆர்டர் போனது. வேகம் கூடியதும் இவை கூட்டத்தில் இரண்டு தோளாலும் இடித்துக்கொண்டு போகிறவனைப் போல இடமும் வலமும் ஆடின. முன்னும் பின்னும் உள்ள சிறிய சக்கரங்களை நடுவுக்கு இழுத்துப் பிடிக்கும் அமைப்பு பலவீனமாக இருந்ததே காரணம். பலமில்லாத பாதையில் அந்த ஆட்டம் தண்டவாளத்தையே நெளித்துவிடும். தடம் புரள்வதும், வேகத்தைக் குறைத்து ஓட்டச் சொல்வதுமாகச் சில வருடங்கள் ஓடின.

1937 ஜூலை 17 அன்று பாட்னாவுக்கு அருகே பிஹ்டாவில் ஹௌரா நோக்கி வந்த எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. இழுத்து வந்தது எக்ஸ்பி. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்கப்புறம்தான் பிரிட்டனின் ரயில்வே ஆய்வு அதிகாரியான கர்னல் மவுண்ட் தலைமையில் ஒரு நிபுணர் குழு வந்தது. பிரிட்டனின் லண்டன் மிட்லண்ட் ஸ்காட்டிஷ் ரயில்வேயின் தலைமை இயந்திரப் பொறியாளர் ஸ்டேனியரும் அதில் இருந்தார். எஞ்சின்களில் திருத்தங்கள் செய்யப்பட்டன, பாதையும் கவனிக்கப்பட்டது. திருத்திய எஞ்சின்கள் பல பத்தாண்டுகள் உழைத்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேற்கு வங்கத்தின் பர்த்வான் எஞ்சின் கொட்டகையில் எக்ஸ்சி எஞ்சின்கள் 1970களின் இறுதியிலும் ஓடிக்கொண்டிருந்தன. அப்படியானால் இந்தத் திருத்தத்தை 1937க்கு முன்பே செய்திருக்க முடியாதா?

எக்ஸ்பி கற்றுக்கொடுத்ததை வைத்து வந்ததுதான் டபிள்யூபி எஞ்சின். அதுவும் பசிபிக் ரகம், அதற்கும் அகல அடுப்பு. ஆனால் இந்தமுறை அமெரிக்காவின் பால்ட்வின் நிறுவனத்தில் முதலில் 16 மட்டும் செய்து, 1947இல் இறக்கி ஓட்டிப் பார்த்தார்கள். பிறகே பெரிய ஆர்டர்கள் போயின. நம் நாட்டுச் சித்தரஞ்சன் எஞ்சின் தொழிற்சாலையில் செய்தவற்றையும் சேர்த்து மொத்தம் 755.

கட்டுரையோடு 'ஆங்கிலேயர் காலப் பயணிகள் எஞ்சின்' என்று ஒரு படம் போட்டிருக்கிறீர்கள். குண்டு போன்ற மூக்கும் அதில் நட்சத்திரமுமாக நிற்கும் அது டபிள்யூபிதான். அடுத்த இதழில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஜோலார்பேட்டை