வர்க்கம் எடுக்கும் முன் ஒரு நிமிடம்

ஐயா,

31 ஆண்டுகள் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பத்தாம் வகுப்பு படிக்கும் என் பேத்தியின் தேர்வுத்தாளைப் போன வாரம் பார்த்தேன். வட்ட வளையத்தின் வெளி ஆரம் 17.8 செ.மீ., உள் ஆரம் 17.2 செ.மீ., பரப்பு என்ன என்பது கேள்வி. பாவம், இரண்டையும் தனித்தனியாக வர்க்கப்படுத்தி, அரைப் பக்கம் பெருக்கி, கடைசியில் தசமப் புள்ளியைத் தவற விட்டிருந்தாள்.

"கூட்டினால் எவ்வளவு?" என்றேன். 35. கழித்தால்? 0.6. இரண்டையும் பெருக்கினால் 21. a² − b² = (a + b)(a − b) என்ற முற்றொருமைப்படி இதுதான் இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம். அதை 22/7 ஆல் பெருக்க 66 சதுர செ.மீ. "இவ்வளவுதானா தாத்தா!" என்றாள்.

பிதாகரஸ் கணக்கிலும் இதே கதைதான். கர்ணம் 65, ஒரு பக்கம் 63 என்றால் கூட்டுத்தொகை 128ஐ வித்தியாசம் 2ஆல் பெருக்கினால் 256. அதன் வர்க்கமூலம் 16தான் மற்ற பக்கம். கால்குலேட்டர் அனுமதிக்கப்படாத தேர்வில் இது எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தும்!

இந்த முற்றொருமை அவளுக்கு மனப்பாடம். ஆனால் அது இயற்கணிதப் பாடத்துக்கு மட்டும் என்று நினைத்திருக்கிறாள். அளவியல் நடத்தும் ஆசிரியர்கள் தயவுசெய்து அதைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவையுங்கள். முடிந்தால் ஒரு சதுரக் காகிதத்தின் மூலையில் சிறு சதுரத்தை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை இன்னொரு வெட்டில் செவ்வகமாக்கிக் காட்டுங்கள். அப்புறம் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
தஞ்சாவூர்.