லீவு இல்லை, லீவே

சவுத்தாம்ப்டன்
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மா முழங்காலை டாக்டரிடம் காட்டினார்களா?

போன வாரம் ஒரு கூத்து. எனக்குக் காலை 6 மணி ஷிஃப்ட். பஸ் தாமதம், குடோனுக்குள் நுழையும்போது 6:04. சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அஞ்சு நிமிஷம் லீவே உண்டு, போ" என்றார். என் காதில் விழுந்தது 'லீவு'. நாலு நிமிஷத்துக்கு லீவு போட்டுச் சம்பளத்தில் பிடித்துவிடுவாரோ என்று மத்தியானம் சோறே இறங்கவில்லை.

கூட வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் கப்பலில் இருந்தவர். கேட்டுவிட்டுச் சிரி சிரி என்று சிரித்தார். கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பரவாயில்லை என்று விடுவதற்கு இங்கிலீஷில் பெயர்தான் 'லீவே'யாம் (leeway).

அப்புறம் அவர் சொன்னது உங்களுக்குப் பிடிக்கும். அது கடல்காரர் சொல். 'லீ' என்றால் காற்று போகும் பக்கம். பாய் விரித்துப் போகும் கப்பலைக் காற்று அந்தப் பக்கமாக ஒதுக்கிக்கொண்டே போகுமே, அதுதான் லீவே. டீக் கோப்பையை மேசையில் நேராகத் தள்ளிக்கொண்டே ஓரத்துக்கு நழுவவிட்டார். விளிம்பைத் தொட்டு, "இது கரை" என்றார். எனக்கு உங்கள் குரல்தான் கேட்டது. கட்டுமரத்தில் போகையில், கொண்டல் காற்று அடிக்கிற நாளில், "மரம் நேராப் போகுதுன்னு நம்பாதல, கரைப்பக்கம் இடம் விடு" என்பீர்களே!

தேம்ஸ் நதியின் பழைய பாய்ப்படகுப் படமும் காட்டினார். இரண்டு பக்கமும் பெரிய பலகை தொங்குகிறது. காற்று போகும் பக்கத்துப் பலகையைத் தண்ணீரில் இறக்கினால் ஒதுங்குவது குறையுமாம். நம் கட்டுமரத்தில் இடுக்கில் சொருகும் பலகைக்கும் அதே வேலைதானே? சொன்னேன், நம்பவில்லை. உங்கள் பழைய பலகை இருந்தால் தம்பியை ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள்.

வேலையில் பின்தங்கியவனையும் 'லீவேயை ஈடுகட்டு' என்கிறார்கள். சலுகைக்கும் அதே சொல், விட்டுப்போன தூரத்துக்கும் அதே சொல். எனக்கு இரண்டுமே தேவைப்படுகிறது. வீட்டு வாடகைக்கு முன்பணம் கட்டியதில் இரண்டு மாதம் பணம் அனுப்ப முடியவில்லை. அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். கடை அண்ணாச்சியிடம் 15-ஆம் தேதி வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் மகன்